போத்தலில் ஒட்டிய முகம்

சேசு மரி சூசை

பேசாலை
10.06.2024

றெபேக்கா அறிவது,

உயிரோடு இருக்கிற என்னை நீ செத்தவனாக்கிவிட்டாய். சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் இது எழுத்தில் இருக்கட்டும்.

நீ செய்து விற்கிற கூனிறால் சம்பல் போத்தலில், என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், என் படத்தை அச்சடித்து ஒட்டியிருக்கிறாய். முட்டை வடிவத்தில் ஒரு வட்டம். சுற்றிவர வெள்ளைப் பூ. கீழே என் பெயர். எங்கள் ஊரில் அப்படிப் படம் எப்போது, யாருக்கு அடிப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? முப்பத்தோராம் நாளுக்கு வந்தவர்களின் கையில், செத்தவரின் படம் ஒட்டிய கிண்ணமோ பேணியோ கொடுத்தனுப்புகிற ஆட்கள் அல்லவா நாங்கள்?

உன் புருஷன் மில்ரன், மன்னார் பஸ் நிலையத்தில் என் சித்தப்பா மகன் செபமாலையைக் கண்டு, தான் ஓட்டுகிற பஸ்ஸின் யன்னலால் ஒரு போத்தலை நீட்டியிருக்கிறான். "மாமாட படம் போட்டிருக்கு, கொண்டுபோங்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செபமாலை முருங்கனுக்குப் போய்ச் சேருமட்டும் அழுதானாம். தனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லையே என்று கோபமும் வந்ததாம். அடுத்த ஞாயிறு என் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுத்து, சுவாமி என் பெயரை வாசித்து, அந்தக் கோவில் சனம் முழுவதும் எனக்காக முழந்தாளில் நின்றிருக்கிறது. அந்த நேரம் நான் இங்கே பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தேன். அதுவும் உன் சம்பல்.

அன்றிலிருந்து போன். எடுத்தவுடன் மற்றப் பக்கத்தில் அழுகை. "நான்தான் கதைக்கிறன்" என்றால் "நீங்கள் ஆர், மகனோ?" என்கிறார்கள். எனக்குப் பிள்ளை இல்லை என்பதைக்கூடச் சனம் மறந்துவிட்டது. போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி எதுவானாலும் கடிதத்தில். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எஞ்சினையும் எழுத்தையும் ஒருவரும் எனக்குக் காட்டித்தரவில்லை. இரண்டையும் கழற்றிப் பூட்டித்தான் பிடித்தேன். ஆகவே எழுத எனக்குப் பஞ்சியோ சோம்பலோ இல்லை.

இன்னும் இரண்டு. சம்பலில் மண் கடிக்கிறது. படத்தில் என் தோளின்மேல் யாருடையதோ நான்கு விரல் கிடக்கிறது. பக்கத்தில் நின்ற ஆளை வெட்டி எடுத்த நீ, கையை மட்டும் ஏன் விட்டுவைத்தாய்?

எல்லாப் போத்தலிலும் அந்தப் படம் கிழிக்கப்படவேண்டும். மன்னிப்பு எழுத்தில் வரவேண்டும். வருமட்டும் ஒருவரும் இந்தப் பக்கம் வரத் தேவையில்லை.

என் முழங்கால் பரவாயில்லை. சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது. பிள்ளைகள் சுகமா?

இன்னும் சாகாத,
மாமா அந்தோனிமுத்து

*

வெள்ளாங்குளம்
22.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நால்வரும் சுகம். உங்கள் சீனி கூடியிருக்கிறது என்று வாசித்தபோது, திருநாளுக்குச் செய்த பலகாரத்தை யார் உங்களுக்குக் கொண்டுவந்து தந்திருப்பார்கள் என்று யோசித்தேன். பக்கத்துக் கடை அருளம்மா அக்காவாகத்தான் இருக்கும். அவவையும் கொஞ்சம் கண்டியுங்கோ.

மாமா, மன்னித்துக்கொள்ளுங்கோ. நீங்கள் கேட்டபடி எழுத்தில் கேட்கிறேன். படம் நான் கொடுத்ததுதான். பூவை அச்சகத்துப் பொடியன் தானாகப் போட்டான். "வயசான ஆக்களின்ர படம் எண்டால் எங்களிட்டை இந்த வடிவம்தான் இருக்கு, மிஸ்" என்றான். எனக்கு அன்று ஐந்து நிமிடம்தான் இருந்தது. பிள்ளைகளை ஒரு கையிலும் சோதனைத்தாள்களை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வடிவாய்ப் பார்க்காமல் ஓம் என்றுவிட்டேன்.

ஏன் உங்கள் படம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அந்தோனிமுத்து பூட்டின எஞ்சின் கடலில் நிற்காது என்று தலைமன்னாரிலிருந்து இங்குமட்டும் சொல்வார்கள். அந்தப் பெயர் இருந்தால் புதுச் சம்பலையும் நம்பி வாங்குவார்கள் என்று நினைத்தேன். அது பலித்தது. தொடங்கும்போது பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் பத்துப் போத்தல். இப்போது இவர் ஓட்டுகிற பாதையில் பதினொரு கடை.

என்னுடைய நாள் எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்டால் சொல்ல ஒரு குறையுமில்லை. விடிய நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால் ஆறரைக்குள் ஒரு சட்டி இறக்கலாம். பிறகு பள்ளிக்கூடம். கணக்குப் படிப்பிக்கும்போது கையில் மிளகாய் வாசம். பிள்ளைகள் "மிஸ், இண்டைக்கு உறைப்பு கூட" என்று மணந்தே சொல்லிவிடுவார்கள். பின்னேரம் டிலோஜனும் டிலக்சனாவும் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு மூடி துடைப்பார்கள். டிலக்சனாவுக்குச் செப்டெம்பரில் புலமைப்பரிசில் சோதனை. இதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் செய்கிறேன், மாமா.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். போத்தல்கள் கடைகளில் போய் நிற்கின்றன. புதுப் படம் அடிக்க ஒரு மாதம் தாருங்கோ. அதுமட்டும் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று காண்கிற எல்லாருக்கும் இவர் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உங்கள் ஆசீரை எதிர்பார்க்கும்,
றெபேக்கா

*

சேசு மரி சூசை

பேசாலை
27.06.2024

றெபேக்கா அறிவது,

நான் சுகம். மன்னிப்புக் கிடைத்தது. ஒரு மாதம் முடியாது. மூன்று கிழமை.

பெயரைச் சொல்லி விற்றேன் என்கிறாய். நான் பூட்டின எஞ்சின் நிற்காததற்குக் காரணம் என் பெயர் இல்லை. திருகாணி ஒவ்வொன்றையும் நான் இரண்டுதரம் பார்ப்பேன். நீ உன் சம்பலை ஒருதரமாவது பார்த்தாயா? நேற்றும் மண்.

இன்னொன்று. புதன்கிழமை முசலிப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். வாசலில் நின்று கூப்பிடவில்லை, நேரே உள்ளே வந்து, கூடத்துக் கதிரையில் இருந்து அழத்தொடங்கினார். நான் குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணியோடு வந்தேன். அவர் என்னைக் கண்டு கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்துவிட்டார். கதிரையின் ஒரு கால் முறிந்துபோயிற்று. அதையும் உன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார். போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர். டிலக்சனாவை அதிகம் விரட்டாதே.

மாமா அந்தோனிமுத்து

*

வெள்ளாங்குளம்
24.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதச் சுணங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. டிலோஜனுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. இப்போது எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு இவர் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறார். உங்கள் தடை நீங்கினதும் கொண்டுவருவார்.

முசலியிலிருந்து வந்த ஆளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மாமா, அது அப்துல் றசாக் மாமாவா?

எனக்கு அவரை நல்ல ஞாபகம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது, தன் படகு எஞ்சினை உங்களிடம் விட்டுவிட்டுப் போனார். இருபது வருடம் நீங்கள் அதைக் கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி, புதைத்தும் எடுத்தும் காப்பாற்றினீர்கள். அம்மா சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம். 2010 இல் அவர் திரும்பி வந்தார், என் கலியாணத்துக்கும் வந்தார், அன்றைக்கே எஞ்சினைப் பார்த்தார். பந்தியில் இருக்கும்போது "காபரேட்டர் என்ரை இல்லையே, அந்தோனி" என்று ஒரு வார்த்தை கேட்டார். நீங்கள் கழுவாத கையோடு எழும்பிப் போனீர்கள். இருவரும் கதைக்காமல் பதினாலு வருடம் ஆகிறது.

போத்தலில் உங்கள் தோளில் கிடந்த கை அவருடையதுதான். கோவில் வாசலில் எடுத்த படம் அது. தகப்பனில்லாத என்னைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்காக நீங்கள் நிற்கிறீர்கள். பக்கத்தில் அவர். நீங்கள் கோபிப்பீர்கள் என்றுதான் அவரை வெட்டினேன். கையை வெட்டினால் உங்கள் தோளும் போயிருக்கும்.

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். கடைகளில் இருந்ததை எல்லாம் இவர் திருப்பி எடுத்துவந்தார். நாங்கள் நால்வரும் ஒரு ஞாயிறு முழுவதும் போத்தல்களைத் தண்ணீரில் ஊறவைத்து உங்களைச் சுரண்டி எடுத்தோம். டிலக்சனா, "தாத்தா போறார், போறார், போயிட்டார்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். புதுப் படத்தில் ஒரு இறால் மட்டும். அருளம்மா அக்கா கடைக்கும் வந்திருக்கும். இனி உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது.

அன்புடன்,
றெபேக்கா

*

சேசு மரி சூசை

பேசாலை
02.08.2024

றெபேக்கா அறிவது,

நான் சுகம். டிலோஜனுக்குக் காய்ச்சல் வந்ததை மாறினபிறகு எழுதுகிறாய். வரும்போது எழுதவேண்டும்.

அருளம்மாவின் கடையில் புதுப் போத்தலைப் பார்த்தோம். இறால் படம் ஊரில் எந்தக் கடையில் இல்லை? நெத்தலிப் பைக்கற்றிலும் இறால், உப்புப் பைக்கற்றிலும் இறால். இது யார் செய்தது, யாரிடம் போய்க் குறை சொல்வது என்று வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? அருளம்மா சொல்கிறா, "முந்தி உங்கட முகம் இருக்கேக்கை சனம் எடுத்துப் பார்த்துச் சிரிச்சிட்டெண்டாலும் வாங்கிக்கொண்டு போகும். இப்ப எடுத்துப் பாக்கிறதே இல்லை."

கிழிக்கச் சொன்னேன். கிழித்தாய். அதில் எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை. ஆனால் அந்த இறாலுக்குக் கால் எட்டு. இறாலுக்கு நடக்கிற கால் பத்து. நாங்கள் இரண்டுதரம் எண்ணினோம். கடற்கரையில் பிறந்த ஒருத்தி விற்கிற போத்தலில் எட்டுக்கால் இறாலா?

மண் இன்னும் இருக்கிறது. நீ வாங்குகிற கூனிறாலைக் கரையில் மணலுக்குமேல் காயப்போடுகிறார்கள். எத்தனை தண்ணியில் கழுவினாலும் அது போகாது.

முந்தி எழுதின ஆளைப்பற்றி நீ கேட்டிருந்தாய். கதிரைக்கால் பூட்டியாயிற்று.

மில்ரனுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

மாமா அந்தோனிமுத்து

*

வெள்ளாங்குளம்
20.08.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சுகம். மடுத் திருவிழாவுக்குப் போய் உங்கள் முழங்காலுக்கும் றஞ்சிதம் மாமியின் ஆன்மாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினோம்.

வேலை நன்றாகத்தான் போகிறது. சில கடைகள் இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கின்றன. மழைக்காலம் வரப்போகிறது, கூனிறால் காய்வது கஷ்டம், ஆகவே அதுவும் ஒருவகையில் நல்லதுதான். டிலக்சனாவின் சோதனைக்கு இன்னும் நான்கு கிழமை.

இறாலின் காலைப்பற்றி அச்சகத்துக்குச் சொல்கிறேன்.

"பார்த்தோம்", "எண்ணினோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பேசாலையில் இப்போது உங்களோடு யார் நின்று இறாலுக்குக் கால் எண்ணுகிறார்கள், மாமா?

அன்புடன்,
றெபேக்கா

*

வெள்ளாங்குளம்
01.09.2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு, மில்ரன் எழுதுவது.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாத ஆள். பஸ் யன்னலால் போத்தல் நீட்டினது என் பிழை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் றெபேக்காவுக்குத் தெரியாது.

எல்லாம் நல்லம் என்று அவ உங்களுக்கு எழுதுவா. நல்லமில்லை. கடைகள் ஆறாகக் குறைந்துவிட்டன. போன சனிக்கிழமை ஒரு சட்டிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டுவிட்டா. முழுவதையும் கொட்டினோம். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் கரும்பலகையில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு, சோக்கைப் பிடித்தபடி கண்ணயர்ந்துவிட்டா. பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்களாம், மிஸ் நித்திரை கொள்ளட்டும் என்று.

பக்கத்து வீட்டு இராசேஸ்வரி அக்கா உதவிக்கு வாறன் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டா. இவ விடமாட்டா. ஒரு கூனிறாலைக்கூட இன்னொருவர் தொடக்கூடாது. அந்தக் குணம் எங்கேயிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை, மாமா.

நவம்பரோடு நிறுத்தப்போறன் என்று சொல்லிவிட்டா. இரண்டு வருடமாக வளர்த்த வேலை. நான் "சரி" என்றேன். ஆனால் அவவின் முகம் சரியில்லை.

உங்கள் படத்தை ஏன் போட்டா என்று கடைக்காரருக்கு ஒரு காரணம் சொல்லுவா, உங்களுக்கும் அதைத்தான் எழுதியிருப்பா. நான் கண்டது வேறு. போத்தலை மூடுகிறபோது படத்தைப் பார்ப்பா. "மாமா திட்டுவார்" என்று சொல்லித் திரும்ப ஒருதரம் விளிம்பைத் துடைப்பா. ஒவ்வொரு போத்தலுக்கும் அப்படி. இப்போது இறாலைப் பார்த்து அவவுக்குப் பயமில்லை.

இன்னொன்று. அந்த இறாலைக் கீறினது அச்சகம் இல்லை. டிலக்சனா.

மரியாதையுடன்,
மில்ரன்

*

பேசாலை
03.10.2024

றெபேக்காவுக்கு,

மில்ரனின் பஸ்ஸில் இரண்டு சாக்கு ஏற்றிவிட்டிருக்கிறேன். கூனிறால். மண் இல்லை. பல்லில் போட்டுப் பார்.

அந்தோனிமுத்து

*

வெள்ளாங்குளம்
12.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படிச் சுகமாக இருக்கிறீர்கள்? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் சேசு மரி சூசையும் இல்லை, என் பிள்ளைகளுக்கு ஆசீரும் இல்லை. ஆனால் அந்தச் சாக்கு!

பல்லில் போட்டுப் பார்த்தேன். டிலோஜன் போட்டுப் பார்த்தான். இராசேஸ்வரி அக்காவைக் கூப்பிட்டு அவவின் பல்லிலும் போட்டுப் பார்த்தோம். ஒரு மணல் இல்லை. "ஆர் பிள்ளை காயவைச்சது? கண்ணாடி மாதிரிக் கிடக்கு" என்றா. இவரைப் பிடித்து உலுக்கினேன். சொல்லிவிட்டார், எல்லாவற்றையும்.

உங்கள் கூடத்து அலுமாரியை வெளியே இழுத்து, கதவைக் கழற்றி, தட்டுகளுக்குப் பதில் வலை அடித்து, மேலே கறுப்புத் தகரம் போட்டு, அதைக் காயவைக்கிற பெட்டியாக மாற்றிவிட்டீர்களாம். வேலை செய்தது இரண்டு வயசான ஆக்களாம். ஒருவருக்குச் சுட்டுவிரல் பாதிதானாம். முதல்முறை வெயில் காணாது என்று கீழே கரிச்சட்டி வைத்து, ஒரு தட்டு முழுவதும் கருகி, புகையைக் கண்டு அருளம்மா அக்கா தண்ணி வாளியோடு ஓடிவந்தாவாம். "இரண்டு கிழடும் உண்மையாய்ச் சாகப்போகுதுகள்" என்று ஏசினாவாம். இதில் ஒன்றையும் நீங்கள் எனக்கு எழுதவில்லை.

நானும் சிலதை உங்களுக்கு எழுதவில்லை. இவர் எழுதிவிட்டார் என்று இப்போது தெரியும். ஓம் மாமா, எனக்கு ஏலாமல்தான் இருந்தது. நிறுத்துவதாகத்தான் நினைத்தேன். சம்பளம் வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், இது எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். பள்ளிக்கூடம் அரசாங்கம் தந்தது. வீடு இவரோடு சேர்ந்து கட்டுவது. இந்தச் சட்டி மட்டும் நானாகத் தொடங்கினது. வேறு ஒன்றுமில்லை.

டிலக்சனா சோதனையை நன்றாகச் செய்தாளாம். முடிவு வரும்போது வரட்டும்.

இத்துடன் கலியாணப் படத்தை அனுப்புகிறேன். வெட்டாதது. அதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டில் ஒன்று சொல்லுங்கோ. உங்கள் முகத்தைப் போத்தலில் திரும்பப் போட விடுவீர்களா, மாட்டீர்களா? விடுவீர்கள் என்றால் நான் நிறுத்தமாட்டேன். மாட்டீர்கள் என்றால் இந்த இரண்டு சாக்கோடு முடித்துக்கொள்கிறேன், மனவருத்தமில்லாமல். இந்தமுறை கேட்டுத்தான் செய்வேன்.

அன்புடன், உங்கள் மருமகள்
றெபேக்கா

*

சேசு மரி சூசை

பேசாலை
05.11.2024

அன்பு மருமகள் றெபேக்காவுக்கு,

நான் சுகம். சீனி இறங்கியிருக்கிறது. முழங்கால் அப்படியேதான். பிள்ளைகளுக்கும் மில்ரனுக்கும் ஆசீர், போன கடிதத்தில் விட்டதையும் சேர்த்து. பதில் சுணங்கினதற்குக் காரணம் நான் யோசித்தது. மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மரித்தோர் திருநாள். றஞ்சிதத்தின் கல்லறைக்கு மெழுகுதிரியோடு போனேன். றசாக் சேமக்காலை வாசலில் நின்றான். தாழ்வுபாட்டிலிருந்து வந்த ஒரு மனுஷி என்னைக் கண்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "அண்ணை, நீங்கள் உள்ளுக்கெல்லோ இருக்கவேணும்" என்றா. றசாக் வாசலில் நின்று சிரித்தான். சேமக்காலையில் சிரிக்கக்கூடாது என்று பிறகு அவனுக்குச் சொன்னேன். "நான் வெளியிலைதானே நிண்டனான்" என்கிறான். அவனோடு கதைத்து வெல்ல ஏலாது. அப்போதும் ஏலாது.

இனி நீ கேட்டும் நான் எழுதாததை எழுதுகிறேன். ஆனியில் அவன் வந்தபோது ஒரு போத்தலையும் கையில் வைத்திருந்தான். பூவையும் பெயரையும் பார்த்து வரவில்லை. என் தோளில் தன் அரை விரலைக் கண்டு வந்தான். "உன்னட்டை ஒண்டு கேக்காமல் நீ செத்திட்டாய் எண்டு நினைச்சன்" என்றான். கேள் என்றேன். கேட்டான். அந்த எஞ்சினின் காபரேட்டரை மண்ணுக்குள் உப்புத் தின்றுவிட்டது. என் எஞ்சினில் இருந்ததைக் கழற்றி அவனுடையதில் பூட்டினேன். அதனால் என் எஞ்சின் ஒரு வருடம் சும்மா கிடந்தது. அதைச் சொன்னேன். "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றான். ஒரு மனிதனின் பொருளை இருபது வருடம் காத்தவனைப் பந்தியில் வைத்துக் கேட்டால் அவன் சொல்லமாட்டான். இன்றைக்குக் கேட்டாலும் பந்தியில் சொல்லமாட்டேன். வீட்டில் கேட்டான், சொன்னேன். அவ்வளவுதான்.

அலுமாரியை வெளியே எடுத்ததால் போனும் வெளியே வந்துவிட்டது. ஆனாலும் முக்கியமானது கடிதத்தில்தான் வரவேண்டும்.

நீ செய்தது பிழை. அதில் மாற்றமில்லை. கேளாமல் என் முகத்தை எடுத்தது ஒரு பிழை. கேளாமல் அதைச் சுரண்டினது இன்னொரு பிழை; கிழிக்கச் சொன்னேன்தான், என்றாலும் ஒருதரம் திருப்பிக் கேட்டிருக்கலாம். உன் கேள்விக்கு ஓம், இல்லை என்று பதில் சொல்ல நான் ஆள் இல்லை. செய்யவேண்டியதைச் சொல்கிறேன். செய்கிறவர்களையும் சொல்கிறேன்.

கூனிறாலைக் கரையில் பார்த்து வாங்குவது, கழுவுவது, காயவைப்பது: நானும் றசாக்கும். நீ இதில் கை வைக்கக்கூடாது. கருகினால் நாங்களே தின்கிறோம்.

அலுமாரிக்குக் கீழே கரிச்சட்டி வைக்காமல் பார்த்துக்கொள்வது: அருளம்மா. இதை அவ தானாகவே எடுத்துக்கொண்டா.

சாக்குகளைக் கொண்டுவந்து சேர்ப்பதும் கடைகளுக்குக் கொடுப்பதும்: மில்ரன். பஸ்ஸை நிற்பாட்டி, இறங்கி, ஆளின் கையில் கொடுத்து, யார் உயிரோடு இருக்கிறார் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். யன்னல் கூடாது.

வறுப்பது, இடிப்பது, உப்புப் பார்ப்பது: நீ. சனிக்கிழமை மட்டும். உப்பு ஒருதரம்.

துடைப்பது, மூடுவது: இராசேஸ்வரி. அவவைக் கூப்பிட்டு நாளைக்கே சொல்லவேண்டும். திருகாணி ஒவ்வொன்றையும் நான்தான் இரண்டுதரம் பார்ப்பேன் என்று முன்பு எழுதியிருந்தேன். உண்மை அதுவல்ல. ஒருதரம் நான் பார்ப்பேன், மறுதரம் றசாக் பார்ப்பான். அவன் ஊரில் இல்லாத இருபது வருடமும் பிறகு நாங்கள் கதைக்காத பதினாலு வருடமும்தான் இரண்டையும் நானே பார்த்தேன்.

விடிய நான்கு மணிக்கு நித்திரை கொள்வது: நீ.

ஞாயிறு எல்லாரும் இங்கே சாப்பாட்டுக்கு வரவேண்டும். தடை நீங்கிவிட்டது. எண்ணெயைக் கொண்டுவாருங்கோ. கதிரை நன்றாக நிற்கிறது, பயப்படாமல் இருக்கலாம்.

செபமாலை எனக்கு ஒப்புக்கொடுத்த பூசையைப்பற்றி இனிக் கவலைப்படவேண்டாம் என்று அவனுக்கு எழுதவேண்டும். அது வீண்போகாது. நேரம் வரும்போது உதவும். இதை நானே எழுதுகிறேன்.

இறால் போத்தலின் மூடியில் இருக்கட்டும். இறாலுக்குக் கால் பத்துத்தான், அதில் நான் இறங்கிவரமாட்டேன். ஆனால் இந்த இறால் எட்டுக் காலோடும் நன்றாக நடக்கும் என்று றசாக் சொல்கிறான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இதை டிலக்சனாவிடம் சொல்வது: நீ. நான் சொன்னேன் என்று சொல்லவேண்டும்.

படத்துக்குச் சுற்றிவரப் பூ கூடாது. முட்டை வட்டமும் கூடாது. ஒரு கோடு போதும். இதை அச்சகத்தில் நின்று, ஐந்து நிமிடத்தில் ஓடாமல், கண்ணால் பார்ப்பது: நீ.

கடைசியாக, படம். நீ அனுப்பின முழுப் படத்தை அலுமாரி இருந்த இடத்துச் சுவரில் அடித்திருக்கிறேன். போத்தலிலும் அதுதான் வரவேண்டும். ஒரு ஓரமும் வெட்டக்கூடாது. என் தோளில் கை அப்படியே இருக்கட்டும். கைக்கு உரியவனின் முகமும் வரவேண்டும். அவனிடம் கேட்டாயிற்று. கேட்டது: நான்.

மாமா அந்தோனிமுத்து